நூற்றுக்கு நூறு வாங்கிய இன்ஜின்

ஆற்றின் குறுக்கே ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த படகுக்காரனுக்கு ஒரு நாள் கடிதம் வந்தது. படகுகளில் ஓடும் இன்ஜின் ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை குதிரைத்திறன் தருகிறது, அதில் எவ்வளவு உள்ளுக்குள்ளேயே தேய்ந்து வீணாகிறது என்று அளந்து, சான்றிதழ் வாங்கி, மாதக் கடைசிக்குள் படகுத்துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். காட்டாதவர்களின் உரிமம் ரத்து. அளக்கும் அதிகாரம் உள்ளெரி இயந்திரத் திறன் அளவீட்டு நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. படகுக்காரன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, வழக்கம்போல, புரிந்த மாதிரித் தலையாட்டியபடி மனைவியிடம் நீட்டினான்.

படகு அவனுடையது என்றால் இன்ஜின் அவளுடையது. லேத்துப் பட்டறைக்காரர் மகள் அவள். வருடத்துக்கு ஒரு தரம் இன்ஜினைத் தரையில் பிரித்துப் பரப்பி, துடைத்து, மறுபடி பூட்டி, காதை வைத்துக் கேட்பாள். அந்த மாதிரி இன்ஜின் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. அதற்குப் பிஸ்டன் தேடிப் போனால் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனாலும் அவள் கையில் அது காலை ஏழரைக்கு ஒரே சுற்றில் கிளம்பி, ஆலைக்குப் போகும் பெண்களைப் பதினோரு நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும். எட்டு மணிக்கு ஆலைக் கதவு மூடிவிடும் என்பதால் அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் குடும்பமே நடந்தது.

"இதை அளக்கறதுக்கு எதுக்கு ஆபீஸ்? நாலு லிட்டர் டீசலுக்குப் பதினெட்டு நடை வருது. பதினேழுக்கு இறங்கினா எங்கயோ தின்னுதுன்னு அர்த்தம். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டு வரக்கூடிய இடமா அது? ஆறு மாடிக் கட்டடம். ஐந்து மாடியில் கோப்புகள் இருந்தன. ஆறாவதில் இயக்குநர் இருந்தார். இன்ஜின்களைச் சோதிக்கும் கூடம் மட்டும் தரைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சுமை வண்டியில் வந்து இறங்கிய இன்ஜினுக்கு உடனே ஒரு டோக்கன் கொடுத்து, குளிரூட்டிய அறையில் மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள். பயணக் களைப்போடு அளந்தால் கணக்கு பிசகிவிடுமாம். கூட வந்தவனுக்குக் களைப்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவன் மூன்று நாளும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பினான்.

படிவத்தில் சிலிண்டர்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் 'நான்கு' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. படகுக்காரன் வரவேற்பு எழுத்தரிடம் போய், எங்கள் இன்ஜினுக்கு ஒரே சிலிண்டர்தான் என்று பணிவாகச் சொன்னான்.

"நாலுன்னு அச்சடிச்சு வந்திருக்கு. நீங்க ஒண்ணுன்னு எழுதினா அது திருத்தம். திருத்தின படிவம் செல்லாது" என்றார் எழுத்தர்.

"அப்ப நான் என்ன பண்ணட்டும் சார்?"

"கையெழுத்துப் போடுங்க."

போட்டான். ஒரு சிலிண்டரோடு உள்ளே போன இன்ஜின், அந்தக் கையெழுத்தோடு நான்கு சிலிண்டர் இன்ஜின் ஆகிவிட்டது.

நான்காம் நாள் சோதனை. சோதிப்பவர் இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள டெக்னீஷியன். வேலை தெரிந்த மனிதர்தான். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல்லும் மறுமுனையில் தராசும் மாட்டி, ஓடும் இன்ஜின் எவ்வளவு பாரத்தை எதிர்த்து இழுக்கிறது என்று பார்த்தார். ஏழேகால் குதிரைத்திறன் வந்தது. இன்ஜின் சீராக ஓடுவதைக் கேட்டு, யார் பராமரிப்பது என்று விசாரித்தார். படகுக்காரன் மனைவியைச் சொன்னான். டெக்னீஷியன் மரியாதையாகத் தலையசைத்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

அடுத்தது உராய்வைக் கண்டுபிடிக்கும் சோதனை. பல சிலிண்டர் இன்ஜினுக்கு இது நல்ல சோதனைதான், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலை நிறுத்தி, மற்றவை எவ்வளவு இழுக்கின்றன என்று பார்ப்பார்கள். எவ்வளவு குறைகிறதோ அதுதான் நிறுத்திய சிலிண்டருக்குள்ளே பிறக்கும் சக்தி. நான்கையும் கூட்டினால் உள்ளே பிறக்கும் மொத்த சக்தி கிடைக்கும். அதிலிருந்து வெளியே வரும் சக்தியைக் கழித்தால் மீதி உராய்வில் போனது. நாலு பேர் தூக்கிப்போகும் கட்டிலில் ஒவ்வொருவனாகக் கையை எடுக்கச் சொல்லிப் பார்ப்பது போன்றது. ஒற்றை ஆளாகத் தூக்கிப்போகிறவனிடம் கையை எடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் படிவம் ஒன்றும் சொல்லவில்லை.

"முதல் சிலிண்டர் நிறுத்தம்" என்று அறிவித்து டெக்னீஷியன் டீசலை அடைத்தார். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். மறுபடி கிளப்பினார்.

"இரண்டாம் சிலிண்டர் நிறுத்தம்" என்று அறிவித்துவிட்டு, எதையும் தொடாமல் கைகட்டி நின்றார். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடியது. ஏழேகால் என்று எழுதிக்கொண்டார்.

படகுக்காரனுக்கு மண்டை காய்ந்தது. "சார், ரெண்டாவது சிலிண்டர் எங்க இருக்கு?"

"அதான் நிறுத்தியாச்சே" என்றார் டெக்னீஷியன். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் தெரியும்பா. நான் எழுதலைன்னா படிவம் மேல போகாது. போகலைன்னா மாசக் கடைசிக்குள்ள உனக்குச் சான்றிதழ் கிடைக்காது" என்றார். மூன்றாவதையும் நான்காவதையும் அதேபோலக் கைகட்டி நிறுத்தினார்.

தாள் மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் கணக்கில் புலிகள். முதல் சிலிண்டரை நிறுத்தியதும் ஏழேகால் பூஜ்யமானது. ஆகவே அதனுள் பிறக்கும் சக்தி ஏழேகால். மற்ற மூன்றையும் நிறுத்தியபோது ஒன்றும் குறையவில்லை. ஆகவே அவற்றின் பங்கு பூஜ்யம். உள்ளே பிறந்தது மொத்தம் ஏழேகால், வெளியே வந்ததும் ஏழேகால். உராய்வு இல்லை. தேய்மானம் இல்லை. இயந்திரத் திறன் நூற்றுக்கு நூறு.

உலகத்தில் அப்படி ஓர் இன்ஜின் இருக்க முடியாது என்பது கணக்குப் பிரிவுக்கும் தெரியும். ஆனால் கணக்கில் தப்பில்லை. கணக்கில் தப்பில்லை என்றால் தப்பு ஆளிடம்தான் இருக்க வேண்டும். மூன்று அதிகாரிகள் படகுக்காரனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, உராய்வை எங்கே மறைத்து வைத்திருக்கிறாய் என்று ஒரு முழு மத்தியானமும் விசாரித்தார்கள். அவன் மடியை உதறிக் காட்டாத குறைதான். கடைசியில், மேற்படி இன்ஜினுக்குச் சொந்தமான உராய்வு எதுவும் தன் வீட்டிலோ படகிலோ உறவினர் வசமோ இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

அதன்பின் கோப்பு ஆறாம் மாடிக்கு ஏறியது. இயக்குநர் இதற்கு முன் நூலகத் துறையில் இருந்தவர். இன்ஜின் சத்தம் கேட்டால் தலைவலி வரும் என்பதால் சோதனைக் கூடத்துக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. நூறு என்ற எண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அன்றைக்கே ஊழியர்களைக் கூட்டி, படகுக்காரனையும் முன் வரிசையில் உட்காரவைத்துப் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா இங்க வந்த எல்லா இன்ஜினும் ஏதாவது ஒரு குறையோடதான் வந்திருக்கு. குறை இன்ஜின்லதான், நம்ம அளவுல இல்லைன்னு நாம உறுதியா நின்னோம். இன்னிக்கு அந்த உறுதிக்குப் பலன் கிடைச்சிருக்கு. மூணு சிலிண்டரை நிறுத்தியும் இந்த இன்ஜின் முழு பலத்தோட ஓடியிருக்கு. அதுங்களும் வேலை செஞ்சிருந்தா எப்படி ஓடியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க." கூட்டம் நினைத்துப் பார்த்துக் கைதட்டியது. டெக்னீஷியனும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

பொன்னிறக் கரைபோட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். படகுக்காரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இன்ஜினை எந்த வாசல் வழியாக எடுத்துக்கொள்வது என்று கேட்டான். இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது இனிமே தேசத்தோட தர மூலம். மத்த இன்ஜினையெல்லாம் அதோட வச்சுத்தான் பார்ப்போம். உங்ககிட்ட கொடுத்தா நீங்க ஓட்டுவீங்க. ஓட்டினா தேயும். நூறு தொண்ணூத்தொம்பதாயிட்டா எங்க பேர் என்னாகும்? சான்றிதழ் வேணும்னுதானே வந்தீங்க? அதான் கொடுத்தாச்சே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக அவன் வெறுங்கையோடு, இல்லை, சான்றிதழோடு வீடு திரும்பினான். துறை அலுவலகத்தில் அதைக் காட்டியதும் எழுத்தர் எழுந்து நின்று உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். இன்ஜின் எங்கே என்று கேட்கவே இல்லை. படகுக்காரன் தானாகவே, படகில் இன்ஜின் இல்லை என்றான். "சான்றிதழ்ல இருக்கே" என்றார் அவர்.

சான்றிதழில் ஏழேகால் குதிரை இருந்தது. படகில் இரண்டு துடுப்பும் ஒரு மனிதனும் இருந்தார்கள். பதினோரு நிமிடம் நாற்பதானது. முதல் வாரம் ஆலைப் பெண்கள் அவனுக்காக அரை மணி முன்னதாகவே எழுந்து வந்தார்கள். இரண்டாம் வாரம் இருவர் கதவுக்கு வெளியே நின்று ஒரு நாள் கூலியை இழந்தார்கள். மூன்றாம் வாரம் பாதிப் பேர் தூரத்துப் பாலத்தைச் சுற்றிப்போகும் பஸ்ஸுக்கு மாறினார்கள். அவன் உள்ளங்கை கொப்புளித்து உடைந்து மறுபடி கொப்புளித்தது. ராத்திரி மனைவி மருந்து போட்டபோது, அவனுக்கு வலியைவிட அவமானமே பெரிதாக இருந்தது. அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த இன்ஜினை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே என்று அழுதான்.

மறுநாள் இருவரும் மனு எழுதினார்கள். நல்ல இன்ஜின் என்று நிரூபிக்கப் போனவர்கள், கெட்ட இன்ஜின் என்று நிரூபிக்கப் போக வேண்டியதாயிற்று. விசாரணையில் படகுக்காரன் எழுந்து, எங்கள் இன்ஜின் புகை விடும், எண்ணெய் ஒழுகும், ஒன்றுக்கும் உதவாதது, தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னான். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்வது போல இருந்தது அவனுக்கு. தர மூலத்தை இழிவாகப் பேசுவது குற்றம் என்று ஓர் அதிகாரி விதி எண்ணோடு எச்சரித்தார்.

அவன் மனைவி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "ஐயா, டீசலை அடைச்சு, வால்வையும் தூக்கி வச்சிடறேன். உள்ள வெடிக்கவும் செய்யாது, அமுக்கவும் செய்யாது. கைப்பிடியைப் போட்டு நீங்களே சுத்திப் பாருங்க. கை வலிச்சா அதுதான் உராய்வு. வலிக்கலைன்னா நாங்க இப்படியே போயிடறோம்" என்றாள்.

இது நியாயமான சோதனை என்று டெக்னீஷியன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். எல்லோரும் முன் கூடத்துக்கு இறங்கினார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்புத் துணி விரித்த மேடையில் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் திறந்தார்கள். இயக்குநர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். முதல் சுற்றில் முகம் சிவந்தது. நாலாவது சுற்றில் மூச்சு வாங்கியது. ஏழாவது சுற்றில் கைப்பிடியை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. படகுக்காரனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே தோன்றியது.

இயக்குநர் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகப் பேசினார். "களைச்சது யாரு? நான். இன்ஜின் களைச்சுதா? இல்ல. அப்ப உராய்வு என் தோள்லதான் இருக்கு. எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள். மனு தள்ளுபடியானது. தோளில் கண்டறியப்பட்ட உராய்வுக்காக இயக்குநருக்கு ஒரு வார மருத்துவ விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எதையோ மனதுக்குள் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாரமே நிறுவனத்தில், கண்ணாடிப் பெட்டியையும் அதிலுள்ளதையும் துடைத்துப் பராமரிக்க ஓர் ஆள் தேவை என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். அவள் போய் நின்றதும், இன்ஜின் துடைத்து முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றாள். எந்த இன்ஜின் என்று யாரும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் பெட்டிக்குத் திரை போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து துடைத்தாள். இரண்டாம் வாரம் டீசல் பம்ப் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கில் வெளியே வந்தது. மூன்றாம் வாரம் பிஸ்டன். வாசல் காவலர் கடமை தவறாதவர். தூக்கைத் திறந்து பார்த்து, இது என்னம்மா என்று கேட்டார். அவள் பொய் சொல்லவில்லை. பிஸ்டன் என்றாள். அவர் தன் பட்டியலைப் பார்த்தார். வெளியே போகக்கூடாதவை என்ற தலைப்பின் கீழ் 'இன்ஜின்' என்று மட்டும் இருந்தது. பிஸ்டன் என்று எங்கும் இல்லை. தூக்கை மூடிக் கொடுத்து, பார்த்துப் போகச் சொன்னார்.

பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி இன்ஜினின் கூடு ஒன்று, சக்கரமும் தண்டும் துருப்பிடித்துக் கிடந்தது. கிடைக்காததெல்லாம் உள்ளே ஓடும் சாமான்தான், அது இப்போது வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் பூட்டினாள், அவன் துரு தேய்த்தான். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மூன்றாவது சுற்றில் கிளம்பியது. சத்தம் கேட்டு ஆலைப் பெண்களில் நாலைந்து பேர் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தார்கள். படகுக்காரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உரிமம் இருந்தது, சான்றிதழ் இருந்தது, இன்ஜினும் இருந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தாலும் படகு ஓடியது. அவன் பயமெல்லாம் வருட முடிவில் நிறுவனம் தர மூலத்துக்கு நடத்தப்போகும் மறு ஆய்வைப் பற்றித்தான்.

மறு ஆய்வுப் படிவத்தில் பதினான்காவது கேள்வி, தர மூலத்தின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே உராய்வு காணப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னது. டெக்னீஷியன் மரைகளைக் கழற்றினார். இயக்குநர் சத்தத்துக்குப் பயந்து ஐந்தடி தள்ளி நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது. மூடி திறந்தது. உள்ளே பிஸ்டன் இல்லை, வளையம் இல்லை, ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலச் சுத்தமாக இருந்தது. டெக்னீஷியன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் பார்வையை விலக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று இயக்குநர் தள்ளி நின்றபடியே கேட்டார்.

"உராய்வுன்னு சொல்ல ஒரு துளி கூட இல்ல சார்."

சொல்லிக்கொண்டே மூடியைப் போட்டு மரைகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் காதில் மட்டும் விழும்படி, "இத்தனை வருஷத்துல நான் கையெழுத்துப் போட்டதுல இது ஒண்ணுதாம்மா உண்மை" என்றார்.

இயக்குநருக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது சத்தம் வராது என்று உறுதி செய்துகொண்டு அருகே வந்து, இன்ஜினின் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஒரு வருடமாக ஒரு துளி எண்ணெய் ஒழுகவில்லை, ஒரு துளி டீசல் கேட்கவில்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை, இதுவல்லவோ இன்ஜின் என்றார். பிறகு ஆணை சொல்லத் தொடங்கினார். நாட்டில் ஓடும் எல்லா இன்ஜின்களையும் படிப்படியாக இங்கே வரவழைத்து, இதே நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

டெக்னீஷியன் பேனாவை எடுத்தார். "இதே நிலைக்கா சார்?"

"இம்மி பிசகாம" என்றார் இயக்குநர்.

டெக்னீஷியன் அதையும் எழுதிக்கொண்டார். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, ஆணை அச்சாகிப் படகுத்துறைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டபடி, ஐந்து மணிப் படகுக்கு ஓடினாள்.